பகலில் பழகிய குழல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொலைநோக்கி என்றவுடன் கவிஞர் உள்ளத்தில் எழுவது இரவு. இருண்ட வானம், விண்மீன் கூட்டம், தனித்து நிற்கும் ஒருவர், அவர் கண்ணருகே ஒரு குழல். கவியரங்குகளிலும் இக்கருவி இரவின் துணையாகவே வந்து போகிறது. ஆயினும் இக்கருவியின் வரலாற்றில் முதல் ஓராண்டு ஏறத்தாழ முழுவதும் பகலிலேயே கழிந்தது. இன்றும் புதிதாக ஒரு தொலைநோக்கியை வாங்கியவர் அதனைக் கையாளப் பழக வேண்டிய நேரம் பகலே. இரவுக்கு எனக் காத்திருந்து, இருட்டில் முதன்முதலாக உறை பிரிப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். இவ்வுரை அந்தப் பகற்பயிற்சியைப் பற்றியது. அதற்குள் ஒரு பழைய வழக்கும் அடங்கியிருக்கிறது. கண்ணால் கண்டதை எப்போது நம்பலாம் என்பதே அவ்வழக்கு.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 900 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உடைய எளிய கருவி ஒன்றை ஒருவர் வாங்குகிறார். பெட்டியின் மேல் சனிக்கோளின் வளையம் வண்ணத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய், இருப்பவற்றுள் மிகுதியாகப் பெருக்கிக் காட்டும் கண்ணருகு வில்லையைப் பொருத்துகிறார். குழலை ஒரு விண்மீனுக்கு நேரே திருப்புகிறார். உள்ளே ஒன்றும் இல்லை, கருமைதான். குழல் தவறான திசையில் இருக்கிறதா, குவியம் கூடவில்லையா, வில்லையின் மூடி கழற்றப்படவில்லையா என்று அவரால் அறிய இயலாது. மூன்று தவறுக்கும் விடை ஒரே இருட்டு. அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது. கருவி பழுது என்ற முடிவோடு அவர் கீழே இறங்கிவிடுகிறார். பரணில் ஏறிய தொலைநோக்கிகளின் கதை பெரும்பாலும் இதுவே.

அதே கருவியைக் காலை 7 மணிக்கு அதே மாடியில் நிறுத்தட்டும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவில் கோபுரக் கலசமோ, குடிநீர்த் தொட்டியோ, கைபேசிக் கோபுரமோ ஏதேனும் ஒன்று நிச்சயம் இருக்கும். 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் 900-ஐ 25-ஆல் வகுத்து 36 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். தொடங்குவோருக்கு இந்தச் சிறிய எண்ணே உகந்தது; பார்வைப் பரப்பு அகலமாக இருக்கும். கலசம் ஒரு மங்கிய மஞ்சள் கறையாகத் தோன்றும். குவியத் திருகை மெல்லத் திருப்பினால் கறை சுருங்கிச் சுருங்கித் திடீரென ஓர் ஓரம் கூர்மை பெறும். இன்னும் சிறிது திருப்பினால் மீண்டும் கலையும். அந்த இடத்தைக் கை அறிந்துகொள்ள வேண்டும். மிகத் தொலைவிலுள்ள பொருளுக்குக் கண்ட அவ்விடத்திற்கு மிக அருகில்தான் விண்மீனுக்குரிய இடமும் இருக்கிறது. பகலில் கை கற்றுக்கொண்ட இடத்தை இருட்டிலும் கை மறக்காது.

அடுத்தது பெருங்குழலின் முதுகில் பூட்டியிருக்கும் சிறு குழல். கடையிலிருந்து வரும்போது இரண்டும் ஒரே திசையை நோக்குவதில்லை. பெருங்குழலில் கலசத்தின் நுனியை நடுவில் நிறுத்திவிட்டு, சிறு குழலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் இறுக்கியும் அதன் குறுக்குக் கம்பிகள் அதே நுனியில் சந்திக்கும்படி செய்ய வேண்டும். கலசம் நகர்வதில்லை, விண்மீனோ நகர்ந்துகொண்டே இருக்கும். ஓடும் பொருளைக் கொண்டு திருகாணி திருப்பிப் பார்த்தவர்க்கே நிற்கும் பொருளின் அருமை தெரியும். இந்த வேலைக்குப் பகலில் கால் மணி நேரம் போதும்.

பிறகு ஒரு வியப்பு. வானத்தைப் பார்ப்பதற்கென்றே செய்த தொலைநோக்கியில் பொருள் தலைகீழாகத் தெரியும். தென்னை வானத்தில் வேர்விட்டு மண்ணை நோக்கித் தொங்கும். வளைகண்ணாடித் துண்டு ஒன்றை இடையில் பொருத்தினால் மேல்கீழ் சரியாகும். இடம் வலம் மாறும். எதிரே உள்ள கடையின் பெயர்ப்பலகை, முகம் பார்க்கும் கண்ணாடியில் கண்டது போலப் புரண்டு நிற்கும். முதன்முறை பார்ப்பவர் திடுக்கிடுகிறார். கருவி பொய் சொல்கிறது என்கிறார். பலகையில் உள்ளது என்ன என்பதை அவர் முன்பே அறிந்திருப்பதால் அந்தப் பொய்யின் இலக்கணம் நொடியில் விளங்கிவிடுகிறது. பொருள் வலப்புறம் நழுவுவது போலத் தோன்றினால் உண்மையில் இடப்புறம் நழுவுகிறது; ஆகவே குழலை இடப்புறம் தள்ள வேண்டும். இதனைச் சில நாள் பழகினால் கை தானே செய்யும். நிலவின் முகத்தில் முதன்முதலாக இதனைக் கற்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெயர்ப்பலகை கிடையாது.

காலை 10 மணிக்கு மேல் மாடித் தளம் சூடேறிவிடும். கலசம் நீருக்குள் கிடப்பது போல நெளியும். இது கானல். நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரிவதையே குழல் 36 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. குழல் பெருக்குவது பொருளை மட்டும் அன்று; இடையே உள்ள காற்றின் கலக்கத்தையும், கையின் நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. 90 மடங்கு என்று வில்லையை மாற்றினால் நெளிவும் 90 மடங்கு. மிகுதியாகப் பெருக்குவது மிகுதியாகக் காண்பது ஆகாது என்ற பாடத்தைக் கானலைவிடத் தெளிவாகக் கற்பிக்க வல்லவர் இல்லை. (கவிதையில் அடைமொழி அடுக்குவோரும் ஒரு முறை இக்கானலைப் பார்த்து வரலாம், குற்றமில்லை.)

இனி வரலாற்றுக்கு வருவோம். 1608 செப்டம்பர் இறுதியில் மிடில்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடி வினைஞர் ஹான்ஸ் லிப்பர்ஷே தம் குழலுடன் ஹேக் நகருக்கு வந்தார். இளவரசர் மாரிஸின் கோபுரத்தின் மேல் அக்குழல் காட்டப்பட்டது. அங்கிருந்து டெல்ஃப்ட் நகரத்து மணிக்கூட்டையும், லெய்டன் தேவாலயத்துச் சாளரங்களையும் கண்டனர். முன்னது ஒன்றரை மணி நேர வழி, பின்னது மூன்றரை மணி நேர வழி என்று அக்காலத்துச் செய்தி இதழ் குறிக்கிறது. சயாம் மன்னரின் தூதுக்குழு ஹேக்கிற்கு வந்த செய்தியைக் கூறும் இதழில்தான் இதுவும் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அமைதிப் பேச்சுக்காக அங்கிருந்த எதிர்த்தரப்புத் தளபதி ஸ்பினோலா, இனித் தமக்குப் பாதுகாப்பு இல்லை, தொலைவிலிருந்தே தம்மைக் கண்டுவிடுவார்கள் என்றாராம். உம்மைச் சுட வேண்டாம் என்று எம் ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறோம் என்று விடை வந்ததாம். லிப்பர்ஷே கேட்ட காப்புரிமை கிடைக்கவில்லை; வேறு சிலரும் அதே கருவிக்கு உரிமை கோரினர். இவ்வளவிலும் விண்மீன் என்ற பேச்சு பெரிதாக இல்லை. மணிக்கூடு, சாளரம், பகைவர் படை, இவையே பேச்சு.

அடுத்த ஆண்டு கோடையில் செய்தி இத்தாலிக்குப் போயிற்று. படுவா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துவந்த கலிலியோவுக்கு அப்போது அகவை 45. குவி வில்லை ஒன்றும் குழி வில்லை ஒன்றும் கொண்டு முதலில் மூன்று மடங்கும், ஆகஸ்டுக்குள் எட்டு அல்லது ஒன்பது மடங்கும் பெருக்கும் குழலை அவர் அமைத்துவிட்டார். 1609 ஆகஸ்டு 21-ஆம் நாள் வெனிஸ் நகரத்துப் புனித மார்க்கு மணிக்கூண்டின் உச்சிக்குச் சில பெருமக்களை அழைத்துச் சென்றார். அவர்களுள் ஒருவரான அந்தோனியோ பிரியூலி அன்று கண்டவற்றை எழுதி வைத்திருக்கிறார். செந்நிறத் துணி போர்த்திய தகரக் குழல். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காண வேண்டும். கியோஜா, திரெவீசோ ஆகிய ஊர்கள் தெரிந்தன. படுவாவில் உள்ள புனித ஜியுஸ்தீனா தேவாலயத்தின் கவிகைமாடங்கள் தெரிந்தன. முரானோத் தீவின் தேவாலயத்தில் நுழைவோரும் வெளிவருவோரும் தெரிந்தனர். ஓடத்துறையில் படகில் ஏறுவோர், இறங்குவோர் தெரிந்தனர். பின்னாளில் வெனிஸின் தலைவராகவே அமர்ந்த ஒருவர் எழுதிய குறிப்பில், படகேறும் பெயர் தெரியாத மனிதர் இவ்வாறு இடம்பெற்றுவிட்டார்.

அந்நாள்களில் முதுமை எய்திய அவை உறுப்பினர்களும் மணிக்கூண்டுகளின் படிகளில் ஒரு முறைக்கு மேல் ஏறி இறங்கினர் என்று, ஆகஸ்டு 29-ஆம் நாள் தம் உறவினருக்கு எழுதிய மடலில் கலிலியோ குறிப்பிடுகிறார். அவர்கள் காண விரும்பியது கப்பல்களை. குழலில் பாய்மரம் தெரிந்து இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே அதே கப்பல் வெறுங்கண்ணுக்குப் புலப்பட்டதாம். இது இவ்வுரையின் கருவான இடம். முதியவர் ஒருவர் குழலில் கப்பலைக் காண்கிறார். குழலை விலக்கினால் வெறுங்கடல். நம்புவதா, கூடாதா? அவர் செய்ய வேண்டியது ஒன்றே: காத்திருப்பது. இரண்டு மணி நேரத்தில் கப்பல் தானே வந்து சான்று சொல்லும். மூன்று கப்பல்கள் சான்று சொன்ன பின், நான்காவது கப்பலுக்கு அவர் காத்திருக்க வேண்டியதில்லை. வெனிஸ் அரசும் நம்பிற்று. குழல் தலைவருக்குக் கையளிக்கப்பட்டது. கலிலியோவின் ஆண்டு ஊதியம் 520 ஃபுளோரினிலிருந்து 1000 ஆக உயர்த்தப்பட்டு, ஆயுட்காலப் பதவியும் வழங்கப்பட்டது. கப்பலை இரண்டு மணி நேரம் முன்னதாக அறிவதன் விலையை வணிக நகரம் ஒன்று நன்கு அறிந்திருந்தது.

அன்று அவர்கள் நின்ற மணிக்கூண்டு இன்று இல்லை. அது 1902 ஜூலை 14-ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. இப்போது நிற்பது அதே வடிவில் கட்டி 1912-இல் திறக்கப்பட்டது.

ஆண்டின் இறுதிக்குள் கலிலியோவின் குழல் 20 மடங்கு பெருக்கிற்று. இரவுகள் தொடங்கின. நிலவின் மலைகளும், 1610 சனவரி 7 முதல் வியாழனை ஒட்டிய சிறு மீன்களும் காணப்பட்டன. அதே சனவரி 7-ஆம் நாளிட்ட மடல் ஒன்றில் அவர் கருவியைக் கையாளும் முறையையும் சொல்கிறார். வியத்தகு கண்டுபிடிப்பின் நாளில் எழுதிய அவ்வரிகள் ஒரு நல்ல ஆசிரியர் மாணவருக்குச் சொல்வன போல அமைந்துள்ளன. குழலை அசையாத இடத்தில் பொருத்த வேண்டும். கையில் பிடித்தால் நாடித்துடிப்பும் மூச்சுமே அதனை ஆட்டும். வில்லைகளைத் துணியால் துடைத்துத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். மூச்சும், ஈரக் காற்றும், கண்ணிலிருந்து எழும் ஆவியும் அவற்றை மங்கச் செய்யும். குழல் சில விரற்கடை நீளவும் குறுகவும் வேண்டும்; அண்மைப் பொருளுக்கு நீட்டியும் சேய்மைப் பொருளுக்குக் குறுக்கியும் காண வேண்டும். இன்றைய மொட்டை மாடி மாணவர் கலசத்தைப் பார்த்துக் கற்கும் அதே மூன்று பாடங்கள்! நான்கு நூற்றாண்டுகளில் கருவி எத்தனையோ மாறியது, நாடி மாறவில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் வெளியான விண்மீன் தூது பற்றிய நூலில், கண்டவற்றைச் சொல்லுமுன் கருவியை அளக்கும் வழியையும் சொல்கிறார். தாளில் இரண்டு வட்டங்களையோ சதுரங்களையோ வரைய வேண்டும். ஒன்றன் விட்டம் மற்றதைப்போல் 20 மடங்கு. பரப்பில் 400 மடங்கு. இரண்டையும் ஒரே சுவரில் ஒட்டித் தொலைவில் நின்று, சிறியதை ஒரு கண்ணால் குழல் வழியாகவும் பெரியதை மறு கண்ணால் வெறுமனேயும் ஒரே நேரத்தில் நோக்க வேண்டும். இரண்டும் ஒத்த அளவாகத் தோன்றினால் குழலின் பெருக்கம் 20 மடங்கு. இது பகலில் செய்யும் பயிற்சி. சுவரும் தாளும் எவரிடமும் உண்டு. என் சொல்லை நம்பு என்று அவர் கேட்கவில்லை. சுவரில் அளந்து பார், பிறகு வானைப் பார் என்கிறார்.

இருந்தும் வழக்கு எழுந்தது. 1610 ஏப்ரல் 24, 25 ஆகிய நாள்களில் பொலோனா நகரில் பேராசிரியர் மாஜினியின் இல்லத்தில் கலிலியோ தங்கினார். அறிஞர் பலர் கூடி இரவில் குழலில் கண் வைத்தனர். அங்கிருந்த இளைஞர் மார்ட்டின் ஹோர்க்கி, பிராகா நகரில் இருந்த கெப்ளருக்கு உடனே எழுதினார். கருவியைப் பல வகையிலும் சோதித்ததாகவும், கீழே மண்ணில் அது அற்புதம் செய்கிறது, மேலே வானில் ஏமாற்றுகிறது என்றும் அவர் எழுதினார். ஒற்றை மீன்கள் இரட்டையாகத் தெரிகின்றனவாம். அதே மடலின் இறுதியில், ஒருவரும் அறியாமல் அக்குழலின் அச்சை மெழுகில் எடுத்துக்கொண்டதாகவும், ஊர் திரும்பியதும் அதனினும் சிறந்த ஒன்றைச் செய்யப்போவதாகவும் சேர்த்திருக்கிறார். ஏமாற்றும் கருவிக்கு மெழுகு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் ஹோர்க்கியை வெறும் பொறாமைக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது, நேர்மையன்று. அவர் எழுப்பிய ஐயம் தமிழ் மரபு நன்கு அறிந்த ஐயம். காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்த நம் தருக்க நூலோர், காட்சி என்பது ஐயமும் திரிபும் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்றனர். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையும் அளவைகளோடுதான் தொடங்குகிறது. குழல் வழியே கண்டது காட்சியா, கருதலா? கப்பலைப் பொறுத்தவரை அது காட்சி ஆயிற்று. ஏனெனில் கப்பல் துறைக்கு வந்தது. வியாழனின் மீன்கள் எந்தத் துறைக்கும் வருவதில்லை. மண்ணில் மெய் சொன்ன கருவி விண்ணிலும் மெய் சொல்லும் என்பது கருதல். விண்ணின் பொருள் வேறு, மண்ணின் பொருள் வேறு என்று கற்றவர்க்கு அக்கருதல் செல்லாது. அக்காலத்துக் கலாசாலைகள் அவ்வாறே கற்பித்தன. ஹோர்க்கி கண்ட இரட்டை மீன்கள் பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. குறையுள்ள வில்லையும், ஆடும் குழலும், பழகாத கண்ணும் சேர்ந்தால் எதுவும் இரண்டாகும். அக்குழலின் பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. நிலவின் பாதி அகலமே அதில் அடங்கும். பகலில் ஒரு வாரம் பழகாமல் இரவில் அதில் கண் வைத்தவர்கள் எதனைக் கண்டிருக்க முடியும்?

கெப்ளர் இதனைத் தீர்த்த முறை அழகானது. கொலோன் நகரத்து இளவரசர் எர்ன்ஸ்டின் குழல் ஒன்று 1610 ஆகஸ்டு இறுதியில் சில நாள்களுக்கு அவர் கைக்கு வந்தது. கெப்ளரும் உடனிருந்தோரும் ஒருவர் பின் ஒருவராக வியாழனை நோக்கினர். தாம் கண்டதை ஒவ்வொருவரும் மற்றவர் காணாதவாறு சுண்ணக்கட்டியால் பலகையில் வரைந்தனர். அதன் பின்னரே பலகைகள் ஒப்பிடப்பட்டன. துறைக்கு வராத மீனுக்கு அவர்கள் ஏற்படுத்திய துறை அது.

பகலைப் பற்றிப் பேசும்போது பகலவனைப் பற்றிப் பேசாமல் இருத்தல் தீது. பகற்பயிற்சியில் உள்ள ஒரே பெரும் இடர் அதுவே; அது கண்ணையே கேட்கும் இடர். பகலில் மனிதக் கண்ணின் பாவை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலம். 70 மில்லிமீட்டர் வில்லை அதனைப்போல் 1225 மடங்கு ஒளியைத் திரட்டும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுடும்போது எச்சரிக்கையும் வராது. ஆகவே கதிரவன் சுவருக்குப் பின்னே மறைந்திருக்கும் நிழலில் குழலை நிறுத்தி, எதிர்த் திசையையே நோக்க வேண்டும். சிறு குழலையும் மறக்கலாகாது. அதுவும் ஒரு தொலைநோக்கியே. ஆர்வத்தோடு அருகில் வரும் குழந்தையைத் தனியே விட்டுச் செல்லலாகாது. கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் கருங்கண்ணாடி வெப்பத்தில் வெடிக்கக்கூடியது; அதனை எறிந்துவிடுவது நலம். இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் கதிரவனை நேரே நோக்கிய பின் ஒரு மணி நேரம் பார்வை மங்கியிருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். கலிலியோ 1612 அளவில், தம் மாணவர் கஸ்தெல்லி கண்ட முறைப்படி, கதிரவனின் உருவைத் தாளில் வீழ்த்தி அதன் கறைகளை வரைந்தார். 1638-இல் அவர் பார்வையை முற்றும் இழந்திருந்தது உண்மை. கதிரவனைப் பார்த்ததால்தான் இழந்தார் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்குப் போதிய சான்று இல்லை. கால் நூற்றாண்டுக்குப் பின், முதுமையில் வந்த கண்நோய் அது.

தமிழ் மண்ணிலும் பகலில் குழலோடு காத்திருந்தவர் உண்டு. கதிரவன் முகத்தை வெள்ளி கடந்து செல்லும் நிகழ்ச்சியைக் காணப் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜான்டீல், 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையேற இயலாமல் கடலில் நின்றார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டு காத்திருந்து, 1769 சூன் 4-ஆம் நாள் காலையில் புதுச்சேரியில் கருவிகளோடு ஆயத்தமாக நின்றார். மேகம் மூடிக்கொண்டது, கடப்பு முடிந்த பின்னரே கதிரவன் வெளிப்பட்டது. காத்திருந்த நாள்களில் அவர் அங்கிருந்த தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டறிந்து எழுதியதுதான் நமக்கு எஞ்சிய பயன். 1874-இல் மீண்டும் அத்தகைய கடப்பு நேர்ந்தபோது, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி, அது நிகழும் முறையை மக்களுக்கு விளக்க உரையாடல் வடிவில் சிறு நூல் எழுதினார். கோடைக்கானல் மலையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கதிரவனைப் படம் எடுத்து வருகின்றனர். அங்கே தொலைநோக்கிக்குப் பகலே பணிநேரம்.

கதிரவனை விட்டு விலகிப் பகலிலேயே வானைத் தொட விரும்பும் மாணவருக்கு ஒரு வழி உண்டு. வளர்பிறை எட்டாம் நாள் பிற்பகல் 4 மணிக்குக் கிழக்கு வானில் நிலவு வெண்பஞ்சுத் துண்டு போல நிற்கும். கதிரவன் மேற்கே, கால் வட்டம் தள்ளி இருப்பான். கலசத்தில் கற்ற கை, சிறு குழலின் கம்பியை நிலவின் மேல் வைத்தால் பெருங்குழலில் நிலவு வந்து நிற்கும். வானின் நீலம் நிலவின் நிழல்களுக்குள்ளும் பரவியிருக்கும். பள்ளங்கள் கரியவாக இரா, நீலமாக இருக்கும். இரவில் நிலவைப் பார்த்தவர்கள் அறியாத நிறம் அது. அங்கேயே நின்று 7 மணி வரை அதனைத் தொடர்ந்தால், நீலம் வடிந்து கருமை ஏறுவதையும், அதே பள்ளம் கண்ணெதிரே ஆழமாவதையும் காணலாம். பகற்பொருளுக்கும் இராப்பொருளுக்கும் இடையே ஒரு வரம்பும் இல்லை என்பதை ஹோர்க்கிக்கு இவ்வாறு காட்டியிருக்கலாம்.

உவமவியலைக் கற்ற இவ்வவைக்கு இம்முறை புதியதன்று. தெரிந்த பொருளை முன் வைத்துத் தெரியாத பொருளைக் காட்டுவது புலவர் தொழில். 1611 ஏப்ரல் 14-ஆம் நாள் உரோமை நகரில் அதையே செய்தார்கள். ஜானிக்குலக் குன்றின் மேலிருந்த திராட்சைத் தோட்டம் ஒன்றில் கலிலியோவுக்கு விருந்து. அழைத்தவர் இளங்கோமகன் பெதெரிக்கோ செசி. விருந்தினருள் அரிஸ்டாட்டில் வழி நின்ற பேராசிரியர் லகல்லா இருந்தார். கிரேக்கம் கற்றவரான தெமிசியானி இருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே குழல், நகரின் மறுபக்கத்தில் சில கல் தொலைவிலிருந்த லாத்தரன் மாளிகையை நோக்கித் திருப்பப்பட்டது. அங்கே ஐந்தாம் சிக்ஸ்டஸ் எழுப்பிய மேன்மாடத்தின் முகப்பில் கல்லில் வெட்டிய எழுத்துகள் இருந்தன. விருந்தினர் அவற்றைப் படித்தனர். சொற்களுக்கு இடையே வெட்டியிருந்த புள்ளிகளும் பிரித்து அறியும்படி தெரிந்தன என்று லகல்லாவே பின்னர் எழுதினார். தொலைவில் உள்ளதைப் படிக்கும் ஆற்றல் கருவிக்கு உண்டா என்ற கேள்வி, கல்லெழுத்தின் புள்ளியில் முடிந்தது. குழலுக்கு அந்நாள்களில் ஒரு பெயரும் பிறந்தது. தொலைவு என்ற கிரேக்கச் சொல்லையும் காணுதல் என்ற கிரேக்கச் சொல்லையும் இணைத்துத் தெமிசியானி தந்த பெயரே இன்றுவரை உலகமெங்கும் வழங்குகிறது. தமிழில் தொலைநோக்கி என்று ஆக்கியவர்கள் அந்த இரண்டு சொற்களையும் சிந்தாமல் எடுத்துக்கொண்டனர்.

பிறகு உணவு உண்டனர். இருட்டியது. பகலில் கல்லெழுத்தைக் காட்டிய அதே குழல் வியாழனை நோக்கித் திரும்பிற்று. ஒவ்வொருவராக வந்து அதன் துணை மீன்களைக் கண்டனர். நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணி வரை அக்குன்றிலேயே இருந்து வாதிட்டனர் என்றும், அதற்குப் பின்னும் அவர்கள் ஒரு கருத்துக்கு வரவில்லை என்றும் அந்த வாரத்து உரோமைச் செய்திமடல் கூறுகிறது.